இரண்டு மடக்குத் தெம்பு: எனர்ஜி ஷாட்டின் கதையும் கணக்கும்

அமெரிக்காவில் எந்த பெட்ரோல் பங்க் கடைக்குள் நுழைந்தாலும், பில் போடும் கவுண்டர் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். சூயிங்கம்முக்கும் சிகரெட் லைட்டருக்கும் நடுவில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில். உள்ளே இருப்பது 57 மி.லி. திரவம். சொல்லப்போனால் இரண்டு மடக்கு. விலை பல வருடங்களாக 3 டாலர் அளவில் இருந்தது. பெயர் ஃபைவ் ஹவர் எனர்ஜி. குடித்தால் ஐந்து மணி நேரத்துக்குத் தெம்பு என்று பெயரிலேயே வாக்குறுதி!

இந்த மாதிரி சரக்குக்குத்தான் எனர்ஜி ஷாட் என்று பெயர். இதைக் குடித்துப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது மூன்றே கேள்வி. சுவை எப்படி? வேலை செய்கிறதா? கொடுத்த காசுக்குத் தகுமா?

கேள்விகள் சுலபம். பதில்தான் சுலபம் இல்லை. காரணம், இந்தச் சின்ன பாட்டிலுக்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. ஜப்பானில் ஆரம்பித்து, தாய்லாந்து போய், ஆஸ்திரியா சுற்றி, கடைசியில் லக்னோவில் பிறந்த ஒருவர் கையில் வந்து சேர்ந்த கதை. அந்தக் கதை தெரிந்தால் மூன்று கேள்விக்கும் பதில் தானாகவே கிடைக்கும்.

ஆம்பூலில் இருந்து பாட்டிலுக்கு

இரண்டாம் உலகப்போர் முடிந்த ஜப்பான். நாடு இடிந்து கிடக்கிறது. ஜனங்களுக்குச் சாப்பாடும் போதாது, தூக்கமும் போதாது. அப்போது அங்கே ஹிரோபான் என்ற மாத்திரை வெளிப்படையாகவே விற்பனையில் இருந்தது. 1941ல் சந்தைக்கு வந்தது. உள்ளே இருந்தது மெத்தாம்ஃபெட்டமின், அதாவது இன்று போதைப்பொருள் என்று உலகமே தடை செய்திருக்கும் அதே சமாச்சாரம். போரின்போது ராணுவத்துக்கும் போனது. போருக்குப் பிறகு தெருவுக்கு வந்து, ஏகப்பட்ட பேரை அடிமையாக்கியது. கடைசியில் 1951ல் ஜப்பான் அரசு தனிச்சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது.

மாத்திரை போய்விட்டது. களைப்பு போகவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஜப்பான் தொழிற்சாலைகள் மும்முரமாக ஓட ஆரம்பித்துவிட்டன. ஓட்டுகிற மனிதனுக்கு ஏதாவது வேண்டுமே?

மருந்துக் கம்பெனிகள் வைட்டமின் கலந்த திரவத்தை ஆம்பூலில் அடைத்து விற்றன. ஊசி மருந்து வருமே, அதே கண்ணாடிக் குப்பி. 20 மி.லி. அளவு. கழுத்தை உடைத்து, ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டும். உடைக்கும்போது கையைக் கிழித்துக்கொள்ளாமல் இருந்தால் அதிர்ஷ்டம். சுவையும் மருந்துச் சுவைதான்.

1962ல் டைஷோ என்ற மருந்துக் கம்பெனி இதை மாற்றியது. அளவை 100 மி.லி. ஆக்கி, பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கசப்பு தெரியாதபடி பழச்சுவை சேர்த்து, குளிர வைத்துக் குடிக்கச் சொன்னது. அதுதான் லிப்போவிட்டான் டி. விலை 150 யென். உள்ளே 1000 மி.கி. டாரின், சில பி வைட்டமின்கள், 50 மி.கி. காஃபீன். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் எனர்ஜி பானங்களுக்கெல்லாம் இதுதான் பாட்டன்.

டாரின் பற்றி ஒரு வார்த்தை. 1827ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் டீடமனும் க்மெலினும் இதைக் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீன் மொழியில் காளைக்கு டாரஸ், அதனால் டாரின். இதை வைத்து எத்தனையோ வதந்திகள் உலவின. உண்மையில் பானத்தில் சேர்ப்பது தொழிற்சாலையில் ரசாயன முறையில் தயாரிப்பது. காளைக்கும் அதற்கும் சம்பந்தம் பெயரோடு சரி.

டைஷோ செய்த கெட்டிக்காரத்தனம் என்ன? மருந்துக்கடைக்கு வந்து, நின்றபடியே குடித்துவிட்டுப் போகிற ஒரு பழக்கத்தை உருவாக்கியது. அதற்காகக் கடைகளில் குளிர்பெட்டியே வைத்தது. பேஸ்பால் நட்சத்திரம் சடஹாரு ஓவை விளம்பரத்தில் காட்டியது. மருந்தின் மரியாதை, குளிர்பானத்தின் ருசி. இரண்டையும் ஒரே பாட்டிலில் அடைத்ததுதான் வெற்றி.

குமிழி வந்ததால் மருந்து இல்லை!

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. 1965ல் ஓட்சுகா என்ற இன்னொரு கம்பெனி ஒரோனமின் சி என்று 120 மி.லி. பாட்டில் கொண்டுவந்தது. வைட்டமின் எல்லாம் உண்டு, கூடவே சோடா மாதிரி குமிழி. ஜப்பான் சுகாதார அமைச்சகம் பார்த்தது. குமிழி வருகிற பொருளை மருந்து என்று ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது.

கம்பெனிக்கு முதலில் இது அடி. மருந்து என்ற அந்தஸ்து போய்விட்டதே! ஆனால் மருந்து இல்லை என்றால் மருந்துக்கடையில் மட்டும்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மளிகைக்கடை, பொதுக் குளியலகம், ரயில் நிலையக் கடை என்று எல்லா இடத்திலும் பாட்டிலை இறக்கியது ஓட்சுகா. அடியே லாபமாகிவிட்டது. லிப்போவிட்டான் டி மருந்துக்கடையை விட்டு வெளியே வந்து சாதாரணக் கடைகளில் கிடைக்க 1999 வரை, அதாவது விதி தளர்த்தப்படும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு பொருளை எந்த அலமாரியில் வைக்கிறோம் என்பதுதான் அது மருந்தா, பானமா என்று வாங்குபவருக்குச் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கழித்து அமெரிக்காவில் இதே விஷயம் திரும்ப வரப்போகிறது.

எண்பதுகளில் ஜப்பான் பணத்தில் மிதந்தது. 1988ல் ரீகெய்ன் என்ற பானம் வந்தது. அதன் விளம்பரம், ஒரு நாளின் 24 மணி நேரமும் உன்னால் போராட முடியுமா என்று கம்பெனி ஊழியர்களைப் பார்த்துக் கேட்டது. விளம்பரப் பாட்டு ஊரெல்லாம் ஹிட். ஆனால் அதே 1988ல்தான், வேலை செய்தே செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்காக வழக்கறிஞர்கள் சேர்ந்து தொலைபேசி உதவிச் சேவை ஆரம்பித்தார்கள். இதற்கு ஜப்பானில் ஒரு சொல்லே இருக்கிறது: கரோஷி. அதிக உழைப்பால் வரும் மரணம் என்று அர்த்தம். இதைத் தடுக்கத் தனிச்சட்டம் 2014ல்தான் வந்தது.

பானம் அவர்களைக் கொன்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் களைப்பு என்பது வீட்டுக்குப் போய்ப் படு என்று உடம்பு சொல்லும் செய்தி. அந்தச் செய்தியை அணைத்து வைக்க ஒரு பொருள் கிடைத்தால், வேலை நேரம் ஏன் குறையப்போகிறது?

லாரி டிரைவரும் பற்பசை விற்பவரும்

ஜப்பான் பானம் தாய்லாந்துக்கும் போனது. அங்கே சாலியோ யூவித்யா என்றொருவர். சீனாவிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன மருந்துக் கம்பெனி வைத்திருந்தார். எழுபதுகளின் நடுவில் தன் சொந்தக் கலவையைக் கொண்டுவந்தார். பெயர் கிராட்டிங் டேங், அதாவது சிவப்புக் காட்டுமாடு. 150 மி.லி. பாட்டில், குமிழி இல்லை, நல்ல தித்திப்பு.

இவர் குறிவைத்தது ஆபீஸ்காரர்களை இல்லை. ராத்திரி முழுக்க லாரி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், விவசாயக் கூலிகள். தாய் குத்துச்சண்டைப் போட்டிகளில் விளம்பரம். விலையும் கூலிக்காரர் பாக்கெட்டுக்கு ஏற்ற மாதிரி. தாய்லாந்தில் இந்த வகை பாட்டில் நெடுங்காலம் 10 பாட் விலையிலேயே நின்றது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு ஆஸ்திரியாக்காரர் அங்கே வந்தார். டீட்ரிஷ் மாடெஷிட்ஸ். பற்பசைக் கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. நீண்ட விமானப் பயணத்தின் களைப்பு இந்த பாட்டிலைக் குடித்ததும் போய்விட்டது என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. இன்னொன்றும் சொல்வார்கள். ஜப்பானில் அதிக வரி கட்டும் பணக்காரர் யார் என்று ஒரு பத்திரிகையில் படித்தாராம். கார் கம்பெனியோ டிவி கம்பெனியோ இல்லை, டைஷோ முதலாளி! அதைப் படித்ததும் மனிதருக்குப் பொறி தட்டியதாம்.

1984ல் சாலியோவும் மாடெஷிட்ஸும் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுக் கூட்டு வியாபாரம் ஆரம்பித்தார்கள். ஆளுக்கு 49 சதவீதம், மீதி 2 சதவீதம் சாலியோவின் மகனுக்கு. 1987 ஏப்ரல் 1ம் தேதி ஆஸ்திரியாவில் ரெட் புல் விற்பனைக்கு வந்தது. குமிழி சேர்த்து, தித்திப்பைக் குறைத்து, பாட்டிலை எடுத்துவிட்டு 250 மி.லி. மெல்லிய டின். ஒரு டின்னில் 80 மி.கி. காஃபீன்.

விற்பனைக்கு முன்னால் ஒரு சந்தை ஆய்வு நடத்தினார்கள். ரிசல்ட் படுமோசம். நிறம் பிடிக்கவில்லை, சுவை பிடிக்கவில்லை, பெயரும் பிடிக்கவில்லை. இருந்தும் மாடெஷிட்ஸ் பின்வாங்கவில்லை. விலையைக் குறைக்கவும் இல்லை. சாதாரண கோலாவைவிட நல்ல அதிக விலைக்கே விற்றார். தாய்லாந்தில் கூலிக்காரர் பானம், ஐரோப்பாவில் பனிச்சறுக்குக்காரர் பானம். உள்ளே இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். கதை மட்டும் வேறு.

லக்னோக்காரர் கேட்ட கேள்வி

மனோஜ் பார்கவா லக்னோவில் பிறந்தவர். 1967ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரே வருடத்தில் விட்டுவிட்டார். பிறகு பல வருடம் இந்தியாவில் ஆசிரமங்களில் கழித்தார். திரும்பிப் போய் பிளாஸ்டிக் வியாபாரம் செய்து சம்பாதித்தார்.

2003ல் கலிஃபோர்னியாவில் ஒரு வணிகக் கண்காட்சிக்குப் போனபோது அங்கே பெரிய டின்னில் ஒரு எனர்ஜி பானத்தைக் குடித்துப் பார்த்தார். தெம்பு வந்தது. ஆனால் அவருக்குத் தோன்றிய கேள்வி வேறு. களைப்பாக இருக்கிற ஆளுக்குத் தாகமும் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? தெம்பு வேண்டும் என்பதற்காக ஏன் அரை லிட்டர் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வேண்டும்?

கேட்டால் சாதாரணக் கேள்விதான். பதில், தண்ணீரை எடுத்துவிடுவது! 2004ல் 57 மி.லி. பாட்டில் வந்தது. சர்க்கரை இல்லை, 4 கலோரி, சுமார் 200 மி.கி. காஃபீன்.

வியாபார ரீதியாகப் பார்த்தால் இது பிரமாதமான யோசனை. பெரிய டின்னாக இருந்தால் குளிர்பெட்டியில் கோக், பெப்சியோடு இடத்துக்குச் சண்டை போட வேண்டும். சின்ன பாட்டிலுக்குக் குளிர்பெட்டி வேண்டாம். கவுண்டரில் வைத்தால் போதும். பில் போடும் இடத்தில், கையில் காசு இருக்கும்போதே கண்ணில் படும். அவர் முதலில் போனதும் குளிர்பானக் கடைக்கு இல்லை. வைட்டமின், ஊட்டச்சத்துப் பொருட்கள் விற்கும் ஜி.என்.சி. என்ற கடைத்தொடருக்கு. ஒரோனமின் சி மருந்து அலமாரியிலிருந்து பான அலமாரிக்குப் போய் ஜெயித்தது. பார்கவா பான அலமாரியிலிருந்து மருந்து அலமாரிப் பக்கம் போய் ஜெயித்தார்.

முதல் வாரம் 200 பாட்டில். 2012 வாக்கில் வாரத்துக்கு 90 லட்சம் பாட்டில் என்று ஃபோர்ப்ஸ் பத்திரிகை எழுதியது. அந்தச் சந்தையில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இந்த ஒரே கம்பெனி கையில். ரெட் புல்லே 2009ல் 60 மி.லி. ஷாட் கொண்டுவந்து பார்த்தது, அசைக்க முடியவில்லை.

சரி, இனி மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: சுவை

நல்ல சுவை என்று யாரும் இதைக் குடிப்பதில்லை. முதலில் நாக்கைத் தாக்குவது புளிப்பு. அடுத்து சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பின் தித்திப்பு. கடைசியில் ஒரு கசப்பு, தொண்டையில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் போகாது. இருமல் மருந்து என்று ஒப்பிடுபவர்கள் அதிகம். பெர்ரி, திராட்சை, ஆரஞ்சு என்று லேபிளில் எந்தப் பழத்தின் பெயர் இருந்தாலும் அடியில் இருக்கும் கசப்பு ஒன்றுதான்.

இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. காஃபீனே கசப்பான பொருள். பி வைட்டமின்களுக்கும் அமினோ அமிலங்களுக்கும் தங்கள் பங்குக்கு ஒரு வாடையும் கசப்பும் உண்டு. பெரிய டின் என்றால் 250 மி.லி. தண்ணீரும் சர்க்கரையும் அதை மூடி மறைக்கும். 57 மி.லி.யில் எங்கே ஒளிந்துகொள்வது?

ஆனால் அந்த மோசமான சுவை விற்பனையைக் கெடுக்கவில்லை. இரண்டே மடக்கு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் முடிந்தது. அதோடு, கசந்தால்தான் மருந்து என்ற எண்ணம் எல்லா ஊரிலும் உண்டு. ருசியாக இருந்திருந்தால் ஜூஸ் என்று நினைத்திருப்பார்கள். ஜூஸுக்கு 57 மி.லி.க்கு யார் 3 டாலர் கொடுப்பார்கள்?

இரண்டாம் கேள்வி: வேலை செய்கிறதா?

செய்கிறது. சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எது வேலை செய்கிறது என்பதில்தான் விஷயம்.

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கான வாங்கிகளில் போய் உட்கார்ந்தால் தூக்கம் வரும். காஃபீன் அந்த இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்ளும். அடினோசின் நின்றுகொண்டே இருக்கும். களைப்பு இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. அவ்வளவுதான் மேட்டர். புதிதாக எந்தச் சக்தியும் உடம்புக்குள் வரவில்லை. 4 கலோரியில் என்ன சக்தி வந்துவிடும்? ஒரு ஸ்பூன் சர்க்கரையிலேயே 16 கலோரி இருக்கிறதே!

அப்படியானால் வைட்டமின்? பழைய லேபிளில் பி6 40 மி.கி., தினசரித் தேவையில் 2000 சதவீதம் என்று போட்டிருந்தது. பி12 அதைவிட அதிகம், 8333 சதவீதம். பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் கொடுத்தால் களைப்பு மெல்ல மெல்லப் போகும், உண்மை. குறைபாடு இல்லாதவருக்கு அதிகமாகக் கொடுத்தால் தெம்பு கூடாது. நயசின் கொஞ்சம் அதிகமானால் முகம் சிவந்து சூடாகும். லேபிளிலேயே அதை எச்சரித்திருந்தார்கள். அதையும் தெம்பு ஏறுவதாக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கக்கூடும்.

காஃபீன் எவ்வளவு? 2012ல் அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 27 எனர்ஜி பானங்களைப் பரிசோதித்தது. ஃபைவ் ஹவர் எனர்ஜியில் 215 மி.கி., அதன் ஸ்ட்ராங் வகையில் 242 மி.கி. இருந்தது. சாதாரணமாக 240 மி.லி. கப் காபியில் 100 மி.கி. அளவில் இருக்கும். ஆக ஒரு ஷாட் என்பது இரண்டு கப் காபி. வித்தியாசம் ஒன்றுதான். சூடான காபியை உறிஞ்சிக் குடிக்க இருபது நிமிடம் ஆகும். ஷாட் பத்து விநாடியில் உள்ளே போய்விடும்.

இனி அந்த ஐந்து மணி நேரம். உடம்புக்குள் போன காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி 10 மணிக்கு 200 மி.கி. குடித்தால், 3 மணிக்கும் 100 மி.கி. உள்ளே உட்கார்ந்திருக்கும். அதாவது, படித்து முடித்துப் படுக்கப் போகிறவர் ஒரு கப் காபி குடித்துவிட்டுப் படுத்த மாதிரி. 2013ல் வெளிவந்த ஒரு ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மி.கி. காஃபீன் எடுத்தவர்களுக்குக்கூடத் தூக்கம் 1 மணி நேரத்துக்கு மேல் குறைந்தது.

கம்பெனி விளம்பரத்தில் அப்புறம் களைப்பு அடிக்காது என்று சொன்னார்கள். 2007லேயே விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்கத் தொழில்துறை அமைப்பு ஒன்று இதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. கம்பெனி நடத்திய சோதனையிலேயே 24 சதவீதம் பேருக்குச் சில மணி நேரம் கழித்துக் கணிசமான களைப்பு வந்திருந்தது. பிறகு என்ன செய்தார்கள்? ஒரு நட்சத்திரக் குறி போட்டு, களைப்பு என்றால் சர்க்கரையால் வரும் களைப்பு என்று அர்த்தம் என்று பொடி எழுத்தில் விளக்கம் கொடுத்தார்கள். சர்க்கரையே இல்லாத பொருளில் சர்க்கரையால் களைப்பு வராது. பொய் இல்லை. ஆனால் படிக்கிறவர் புரிந்துகொள்வது வேறு.

மூன்றாம் கேள்வி: காசுக்குத் தகுமா?

காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடித்த பகுதி இது. 57 மி.லி. 3 டாலர் என்றால் ஒரு லிட்டர் 50 டாலருக்கு மேல். 250 மி.லி. ரெட் புல் 2 டாலர் என்று வைத்தால் லிட்டர் 8 டாலர். பார்த்தால் பகல் கொள்ளை!

ஆனால் லிட்டர் கணக்கு இங்கே சரியா? வாங்குகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுக்கவில்லை. காஃபீன் கணக்கில் பார்த்தால், ரெட் புல்லில் 1 டாலருக்கு 40 மி.கி. கிடைக்கிறது. ஷாட்டில் 1 டாலருக்கு 66 மி.கி. கிடைக்கிறது. இப்போது ஷாட் மலிவு!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்க மருந்துக்கடைகளில் 200 மி.கி. காஃபீன் மாத்திரை சாதாரணமாகவே கிடைக்கும். ஒரு மாத்திரை அரை டாலர்கூட ஆகாது. அதோடு ஒப்பிட்டால் ஷாட் ஆறு மடங்குக்கு மேல். அதே காஃபீன், அதே அளவு!

எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கு ஏற்ப ஒரே பொருள் கொள்ளையாகவும் தெரிகிறது, மலிவாகவும் தெரிகிறது. பார்கவாவின் சாமர்த்தியம் இதில்தான். மாத்திரையாக இருந்தால் மாத்திரையோடு ஒப்பிடுவார்கள். பெரிய டின்னாக இருந்தால் குளிர்பானத்தோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் இல்லாத ஒரு வடிவத்தில் வந்ததால் ஒப்பிட எதுவுமே இல்லை. ஒப்பிட எதுவும் இல்லாத பொருளுக்கு விற்பவர் சொல்வதுதான் விலை.

கோர்ட்டு சொன்ன பதில்

ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லலாம். நிஜமான தீர்ப்பும் வந்தது. 2012ல் ஒரு டிவி விளம்பரம் ஓடியது. 3000 டாக்டர்களைக் கேட்டோம், 73 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்கிற தோரணையில். கூர்ந்து கேட்டால் சங்கதி வேறு. எனர்ஜி பொருட்களை ஏற்கனவே பயன்படுத்தும் ஆரோக்கியமான ஆளுக்கு, குறைந்த கலோரி உள்ள ஒன்றைப் பரிந்துரைப்பீர்களா என்பதுதான் கேள்வி. சிகரெட் பிடிக்கிறவருக்கு ஃபில்டர் வைத்தது பரவாயில்லையா என்று கேட்டு, ஆமாம் என்றதும் டாக்டர்கள் சிகரெட்டை ஆதரிக்கிறார்கள் என்று சொல்கிற மாதிரி!

வாஷிங்டன் மாநில அரசு வழக்குப் போட்டது. 2016ல் நீதிபதி, இந்த டாக்டர் விளம்பரம் ஏமாற்று என்றார். மற்ற பொருட்கள் சேர்ந்திருப்பதால் காபியைவிட இது மேல் என்ற வாதத்துக்கும் போதிய ஆதாரம் இல்லை என்றார். 2017ல் அபராதமும் வழக்குச் செலவும் சேர்த்து ஏறக்குறைய 43 லட்சம் டாலர் கட்டச் சொன்னார். 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது.

ரெட் புல்லும் தப்பவில்லை. ஒரு கப் காபியைவிட அதிகமாக ஒன்றும் செய்யாத பானத்துக்கு ஏன் அதிக விலை என்று அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2014ல் கம்பெனி, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல், 130 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

இன்னொரு கனமான விஷயமும் உண்டு. ஃபைவ் ஹவர் எனர்ஜியைக் குறிப்பிட்டு நான்கு வருடங்களில் 13 மரணம் பற்றிய புகார்கள் வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012ல் தெரிவித்தது. கவனிக்க வேண்டும், இவை புகார்கள் மட்டுமே. பானம்தான் காரணம் என்று அந்த நிர்வாகம் சொல்லவில்லை. கம்பெனியும் மறுத்தது. ஆனாலும் அதற்குப் பிறகு, எவ்வளவு காஃபீன் என்பதை லேபிளில் ஏன் போடுவதில்லை என்ற கேள்வி பலமாக எழுந்தது. அளவு தெரியாமல் எப்படி ஒருவர் தன் எல்லையை அறிவார்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் ஒரு எல்லை சொன்னது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே நேரத்தில் 200 மி.கி., நாள் முழுக்க 400 மி.கி. வரை பிரச்சினை இல்லை. ஒரு ஷாட் அந்த முதல் எல்லையை ஒரே மூச்சில் தொட்டுவிடும். ஏற்கனவே இரண்டு காபி குடித்தவர் இதையும் குடித்தால் நாளின் எல்லையும் முடிந்தது. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பசங்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

கடைசிக் கணக்கு

சுவை: மோசம், ஆனால் இரண்டு மடக்கில் தீரும். பலன்: உண்டு, காஃபீனால் மட்டும். விலை: காபியும் மாத்திரையும் செய்கிற அதே வேலைக்குக் கூடுதல் காசு. சின்ன பாட்டிலின் சௌகரியத்துக்கும் அதைச் சுற்றிச் சொன்ன கதைக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

மார்க் ஷீட் இத்தோடு முடியவில்லை. 1962ல் மருந்துக்கடையில் நின்று குடித்த ஜப்பான் ஊழியர், ராத்திரியெல்லாம் ஓட்டிய தாய்லாந்து லாரி டிரைவர், பரீட்சைக்கு முதல் நாள் முழித்திருக்கும் அமெரிக்க மாணவர்... மூவரும் வாங்கியது ஒரே பொருளைத்தான். அது சக்தி இல்லை, கடன். தூக்கத்திடம் வாங்கிய கடன். அவசரத்துக்கு ஒரு தடவை கடன் வாங்குவது தப்பில்லை, எல்லோரும் வாங்குவதுதான். ஆனால் தினமும் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர் கதை எப்படி முடியும் என்பது கணக்குப் புத்தகம் படித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த பாட்டிலில் எத்தனையோ பொருட்களின் பெயர் அச்சடித்திருக்கும். அசலும் வட்டியும் எப்போது கட்ட வேண்டும் என்பது மட்டும் எந்த லேபிளிலும் இருக்காது.